வெள்ளை வேட்டியும் துரு எஃகும்: பேருந்து நிலையச் சிற்பத்துக்கு உலோகம் தேடிய கதை

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயில், சித்தூர் தாலுகாவில் கேரள-தமிழ்நாடு எல்லை ஓரம் எங்கள் பக்கம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று ஊர்ப்பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில், பஸ் போர்டில் இரண்டும். இந்தப் பக்கத்துப் பேருந்து நிலையம் ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். முகப்பில் உலோகச் சிற்பம் ஒன்று வைக்கலாம், ஆள் உருவம் வேண்டாம், அரூபமாக இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். தலைவர் சிலை என்றால் எந்தத் தலைவர், எந்தப் பக்கத்துத் தலைவர் என்று ஆரம்பித்துவிடும். அரூபத்துக்குச் சாதியும் கிடையாது, கட்சியும் கிடையாது என்பது கமிட்டியின் கணக்கு. இரும்புப் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் என்னையும் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள்.

கூட்டத்தில் ஆளுக்கொரு போன், போனுக்கொரு படம். ஒருவர் சிகாகோவில் இருக்கும் அனிஷ் கபூரின் கண்ணாடி போல மின்னும் எஃகுச் சிற்பம் 'கிளவுட் கேட்'டைக் காட்டினார். இன்னொருவர் தமிழ் 'அ'வும் மலையாள 'அ'வும் கட்டிப்பிடித்து நிற்பதாகக் காகிதத்தில் வரைந்தே கொண்டுவந்துவிட்டார் (எல்லையோரத்தில் எந்தக் கமிட்டி கூடினாலும் இந்தப் படம் ஒன்று வந்தே தீரும்). மூன்றாமவருக்குக் கரிம்பனை, அதாவது நம் பனைமரம். எல்லோருமே வடிவத்தில் தொடங்கினார்கள். நான் போகும் வழி நேர் எதிர். மழைத்தண்ணீர் எங்கே தங்கும், காற்று எங்கிருந்து அடிக்கும், பத்து வருஷம் கழித்து யார் துணி எடுத்துத் துடைப்பார்கள் என்று முதலில் பார்ப்பேன். அதற்கு ஒத்துவருகிற உலோகத்தை எடுத்துக்கொண்டு, அந்த உலோகம் எந்த வடிவத்துக்குச் சுலபமாக இணங்குகிறதோ அதிலிருந்து வரையத் தொடங்குவேன். மாற்றிச் செய்தால் பட்டறையில் வெல்டர் தலையில் அடித்துக்கொள்வார். மூன்றாம் வருஷம் ஊரே அடித்துக்கொள்ளும்.

உலோகத்துக்குப் போகுமுன் ஒரு வேலை செய்தோம். இதைச் செய்யாமல் யாரும் பொது இடத்தில் சிற்பம் வைக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது. கமிட்டிக்குப் பிடித்த வளைய வடிவத்தை மூங்கிலை வளைத்துக் கட்டி, மேலே சாக்கு சுற்றி, நிஜ அளவில், நிஜ இடத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்தோம். காலை ஆறு மணிக்கு நிறுத்தினோம். ஆறரைக்கு ஒரு பெரியவர் அதன் தாழ்ந்த விளிம்பில் உட்கார்ந்து பேப்பரை விரித்துவிட்டார். ஏழு மணிக்கு இரண்டு வாழைத்தார் சாய்ந்து நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த வேகத்தில் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. பத்து மணி வெயிலில் பூ விற்கும் அம்மா கூடையை இழுத்துக்கொண்டு அதன் நிழலுக்கு வந்து, "ஏனுங் தம்பி, இத இங்கயே உடுவீங்களா? மத்தியானம் வரைக்கும் நெழலு நல்லாத்தான் இருக்குது" என்றார். பொள்ளாச்சி பஸ் ஓட்டுநருக்கு வேறு கவலை. "ரிவர்ஸ் எடுக்கையில அந்த மூலையே கண்ணாடில தெரியலீங்க. குறுக்க ஆள் வந்தா என்ன பண்றது?" சாயங்காலம் போய்ப் பார்த்தால் சாக்கின் மேல் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் குத்தியிருந்தது.

அந்த ஒரு நாளில் பாதிக் கேள்விகள் தீர்ந்தன. உட்காரும் உயரத்தில் எது இருந்தாலும் அது திண்ணை. அகலமாகத் தட்டையாக எது நின்றாலும் அது சுவரொட்டிப் பலகை. மூடிய வடிவம் எதுவானாலும் அதன் பின்னால் ஒரு பஸ்ஸோ ஒரு குழந்தையோ மறையும். நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்டு செராவின் 'டில்டட் ஆர்க்' 1981-இல் வந்தது. 36 மீட்டர் நீளம், 3.6 மீட்டர் உயரம், சதுக்கத்தைக் குறுக்கே வெட்டுகிற எஃகுச் சுவர். அன்றாடம் அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். வழக்கு, விசாரணை எல்லாம் நடந்து 1989-இல் பிரித்து எடுத்துவிட்டார்கள். கலை என்ற கோணத்தில் அதற்காக வாதாட நிறைய இருக்கிறது. ஆனால் பெட்டியும் படுக்கையுமாகப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரிடம் அந்த வாதம் எடுபடாது. ஆகவே குறுகலாக, செங்குத்தாக, இடைவெளி விட்டு நிற்கும் துண்டுகள் என்பது வரை மூங்கிலே சொல்லிவிட்டது. சரி, இனி உலோகம்.

முதலில் கார்ட்டென். அதாவது துருவே மேல்தோலாக மாறிக்கொள்கிற எஃகு. செம்பு, குரோமியம், நிக்கல் ஆகியவை சிறு அளவில் கலந்திருக்கும். மேலே படிகிற துரு அடர்த்தியாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் எஃகைக் காக்கும், பெயிண்டே வேண்டாம். 1930-களில் அமெரிக்காவில் சரக்கு வேகன்களுக்காக விற்பனைக்கு வந்தது. நமக்கும் புதிதல்ல: பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டிகளின் உடம்பு நெடுங்காலம் இந்த வகை எஃகுதான், மேலே பெயிண்ட் அடித்துவிடுவதால் வெளியே தெரியாது. சிற்பிகளுக்கு இதன்மேல் தனி மோகம். சிகாகோவில் 1967-இல் வந்த பிக்காசோ சிற்பம் கார்ட்டென். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலைய வாசலில் 1987 முதல் நிற்கும் செராவின் 'ஃபல்க்ரம்' கார்ட்டென். ஐந்து பெரும் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து சுமார் 17 மீட்டர் உயரத்துக்கு நிற்கின்றன. இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் நெடுஞ்சாலை ஓரத்தில் 1998-இல் எழுந்த சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் 'ஏஞ்சல் ஆஃப் த நார்த்' 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை விரிப்பு, 200 டன் எடை. அதுவும் கார்ட்டென்தான்.

எங்கள் பக்கத்துத் தட்பவெப்பத்துக்கு இது ஒத்துவருமா என்றால், நியாயமாகச் சொல்ல வேண்டும், வரும். அந்தத் துருத்தோல் கெட்டிப்பட நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தாலும், கடல் உப்புக் காற்று பட்டாலும் தோல் ஒட்டாமல் செதில் செதிலாக உதிரும். கடற்கரை ஊர்களில் நான் இதைத் தொடவே மாட்டேன். சித்தூரின் கிழக்குப் பகுதி கேரளத்தின் மற்ற இடங்களைவிட மழை குறைந்தது. கடல் உப்பும் இவ்வளவு தூரம் வராது. மழை விட்டதும் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் உலர்த்திவிடும். அந்த வகையில் கார்ட்டெனுக்கு நல்ல ஊர்.

ஆனால் இது வெள்ளை வேட்டி ஊர். கல்யாணத்துக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், கட்சிக்காரர் எல்லோரும் வெள்ளைதான். ஓணம் வந்தால் கசவு முண்டும் செட்டுச் சேலையும். கார்ட்டெனின் முதல் சில வருஷங்களில் துரு கையோடு வரும், துணியோடும் வரும். ஒருமுறை கார்ட்டென் துண்டின் மேல் தோள் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தச் சட்டை இப்போது பட்டறையில் கைதுடைக்கும் துணி. போதாக்குறைக்கு, மழைநீரோடு வழிகிற துருநீர் தரையில் காவிக் கோடு போடும். கிரானைட், கான்கிரீட், டைல்ஸ் எதில் இறங்கினாலும் தேய்த்தால் போகாது. சுற்றிலும் கூழாங்கல் குழி விட்டு, கீழே வடிகால் வைத்து, யாரும் தொடாத தூரத்தில் நிறுத்தினால் சமாளிக்கலாம். பஸ் ஸ்டாண்டில் தொடாத தூரம் என்று ஓர் இடம் இருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

அடுத்தது ஸ்டெயின்லெஸ். கமிட்டியில் முக்கால்வாசிப் பேர் இதன் பக்கம்தான். சேலம் உருக்காலையின் புண்ணியத்தில் நம் வீடுகளில் எவர்சில்வர் என்றால் 'கெடாது' என்று பொருள். இதில் 304 என்ற ரகம் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. 316-இல் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், அது கடலோரத்துக்கு. இங்கே 304 போதும். 316 வாங்கச் சொல்லும் கொட்டேஷன் வந்தால் ஏன் என்று கேளுங்கள். 304-ஏ சாதா இரும்பைவிடக் கிலோவுக்குச் சுமார் மூன்று, நான்கு மடங்கு விலை. தகட்டு விலைகூடப் பரவாயில்லை, மெருகுக் கூலிதான் ஆளை விழுங்கும்.

'கிளவுட் கேட்' படத்தைக் காட்டியவரிடம் இரண்டு தகவல் சொன்னேன். அது 168 ஸ்டெயின்லெஸ் தகடுகளை வெல்டு செய்து, வெல்டு இருந்த தடமே தெரியாமல் தேய்த்து மெருகேற்றியது. இன்னொன்று, ஆள் கை எட்டும் கீழ் ஆறடியைத் தினமும் இரண்டு வேளை கையால் துடைக்கிறார்கள். நம் நிலையத்தில் கழிப்பறையைத் தினம் இரண்டு வேளை கழுவ ஆள் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். கண்ணாடி மெருகில் கைரேகை, காக்கா எச்சம், வெற்றிலைச் சாறு எல்லாம் பளிச்சென்று தெரியும். சாவியால் கீறிய காதல் பெயர்கள் அதைவிடப் பளிச்சென்று தெரியும்.

வெளிச்சம் இன்னொரு தலைவலி. லாஸ் ஏஞ்சலீஸில் 2003-இல் திறந்த வால்ட் டிஸ்னி இசை அரங்கில் குழிந்து வளைந்த சில மெருகுத் தகடுகள் வெயிலைக் குவித்து எதிர்வீடுகளைச் சுட்டன. 2005-இல் அவற்றைத் தேய்த்து மங்கலாக்க வேண்டி வந்தது. இங்கே ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்கள் சர்வசாதாரணம். மேற்கு வெயில் ஒரு குழிந்த தகட்டில் பட்டு உள்ளே திரும்பும் ஓட்டுநரின் கண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டுமென்றால் கண்ணாடி மணித்தூள் அடித்து மங்கலாக்கிய மேற்பரப்பு வேண்டும், புடைத்த வளைவாக இருக்க வேண்டும், குழிவு கூடாது.

ஸ்டெயின்லெஸ்ஸில் பட்டறைப் பிழைதான் அதிகம் கெடுக்கும். ஒருதரம் ஒரு வளாகத்துக்கு ஸ்டெயின்லெஸ் (எஸ்.எஸ்.) வளைவு செய்து கொடுத்தேன். ஆறே மாதத்தில் உடம்பெல்லாம் வியர்க்குரு மாதிரி துருப்புள்ளி. மட்டமான தகடு என்று எல்லோரும் கடைக்காரரைத் திட்டினார்கள். தகட்டில் குற்றமில்லை. எம்.எஸ்., அதாவது சாதா இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டிங் வீலை என் பையன் இதற்கும் போட்டிருந்தான். அந்த இரும்புத் தூள் எஸ்.எஸ்-ஸின் மேல் பதிந்து துருப்பிடித்திருந்தது. வீல், பிரஷ், மேசை எல்லாம் தனியாக வைத்து, வெல்டு முடிந்தபின் ஆசிட் பசை தடவிக் கழுவி எடுக்க வேண்டும். எந்தப் பட்டறைக்குக் கொடுத்தாலும் முதலில் போய், எஸ்.எஸ். வேலைக்குத் தனி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மூலையில் இரண்டும் நடந்தால் அங்கே கொடுக்காதீர்கள்.

செம்பு, பித்தளை, வெண்கலம் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்குக் கடைசி பஸ் போனபின் ஆளில்லாத இடத்தில் எடைக்குப் போடக்கூடிய உலோகத்தை நிறுத்துவது நாமே கூப்பிட்டுக் கொடுப்பதுபோல. அழகில் குறையில்லை. சென்னைப் பக்கத்துச் சோழமண்டலம் கலைக் கிராமத்து எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் வெல்டு செய்து எழுப்பியவற்றைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவருடைய அப்பாவும் சோழமண்டலத்தை 1966-இல் தொடங்கிவைத்தவருமான கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது நம் பக்கத்துக் கோவையில்தான். அந்த மரபில் பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டி முன்பார்வைக்கென்றே செய்த சிற்பங்கள் எனக்கு வேறொரு யோசனை தந்தன: தரையில் நிறுத்தாமல் சுவரில் பதித்தால் என்ன? காத்திருப்புக் கூடத்தின் சுவரில் எட்டடிக்கு மேலே ஒரு தகட்டுப் புடைப்பு. அஸ்திவாரச் செலவு இல்லை, காற்று இல்லை, பஸ் இடிக்காது, கை எட்டாது. காசு கையைக் கடிக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் கமிட்டி மட்டும் "ரோட்டிலிருந்து தெரியணும்" என்று நின்றுவிட்டது.

அலுமினியம் எஃகின் மூன்றில் ஒரு பங்கு எடை. கூரையிலிருந்து தொங்கவிடுவதற்கு அதைவிட்டால் வேறில்லை. ஆனால் நம் நிலையத்துக் கூரை இரும்புக் குழாய்ச் சட்டமும் தகரமும். அதில் மின்விசிறி மாட்டவே யோசிக்கிறார்கள். தொங்கும் எதிலும் புறா குடியேறும் என்பது தனி. தரையில் நிறுத்தினால் அலுமினியம் மெத்தென்று நசுங்கும், அதுவும் வாழைத்தார் ஊரில்.

பழைய பஸ் உதிரிகளால் செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. பட்டை ஸ்பிரிங், கியர், ரிம். கேட்க நன்றாக இருக்கும், பேப்பரில் படமும் வரும். பட்டை ஸ்பிரிங்கில் கார்பன் அதிகம்; சாதாரணமாக வெல்டு வைத்தால் ஆறும்போதே பக்கத்தில் விரிசல் விடும். சூடேற்றி வைத்து, மெதுவாக ஆறவிட்டுச் செய்கிற ஆள் வேண்டும். அப்படியே செய்தாலும் நூறு துண்டு ஒட்டினால் நூறு இடுக்கு. ஒவ்வொரு இடுக்கிலும் மழைநீர் தேங்கும். இரும்பு மழையில் சாவதைவிட இடுக்கில் சாவதுதான் அதிகம். கான்கிரீட்டிலேயே செய்துவிடலாமே, மலம்புழா அணைத் தோட்டத்து யட்சி சிலை 1969 முதல் நிற்கிறதே என்றும் ஒருவர் கேட்டார். கானாயி குஞ்ஞிராமனின் யட்சி தோட்டத்துக்கு நடுவில் பரந்த வெளியில் அமர்ந்திருக்கிறாள். அவள் அளவுக்கு இடம் இருந்தால் நானும் சரி என்றிருப்பேன்.

கடைசியில் மிஞ்சியது யாருமே படம் காட்டாத ஒன்று: சாதா எம்.எஸ். தகடு, ஹாட் டிப் கால்வனைசிங். செய்து முடித்த துண்டை ஆசிட்டில் கழுவி, சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. மின்கோபுரமும் சாலையோரத் தடுப்பும் இப்படித்தான் வருகின்றன. 6 மி.மீட்டருக்கு மேல் தடித்த எஃகில் 85 மைக்ரான் அளவு பூச்சு ஏறும். எங்கேனும் கீறினாலும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு பக்கத்து இரும்பைக் காக்கும். பெயிண்டுக்கு அந்தக் குணம் கிடையாது. உப்பில்லாத கிராமப்புறக் காற்றில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரான்தான் போகும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். தினம் துடைக்க ஆள் தேவையில்லை, வேட்டியில் ஒட்டாது, திருடினால் விலை போகாது. புதிதில் மினுங்கும், போகப்போகப் பழைய வாளி மாதிரி மங்கிவிடும். அந்த மங்கல் எனக்குப் பிடிக்கும், கமிட்டிக்குப் பிடிக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த முறைக்குச் சில கட்டாயங்கள் உண்டு. தொட்டி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துண்டு; வரைவதற்கு முன்பே கால்வனைசிங் கம்பெனிக்குப் போன் போட்டு நீளம், அகலம், ஆழம் கேட்க வேண்டும். உள்ளே மூடிய குழாயோ பெட்டியோ இருந்தால் காற்றுத்துளை விட வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தொட்டியிலேயே வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. மெல்லிய தட்டைத் தகடு சூட்டில் அப்பளம் மாதிரி நெளியும். ஆக மூடியதும் கூடாது, மெல்லிய தட்டையும் கூடாது. திறந்த மடிப்பு வேண்டும். வடிவம் இப்படித்தான் கிடைத்தது.

மடிப்பு என்றதும் கரிம்பனை கேட்டவர் நினைவுக்கு வந்தார். பனையோலையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் இலக்கும் நடுவில் மடிந்திருக்கும். மடிப்பை நீவித் தட்டையாக்கினால் தொய்ந்துவிடும்; மடிப்போடு விட்டால் ஆடிக் காற்றிலும் விறைப்பாக நிற்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, இந்தக் கணவாயில் பஸ் ஸ்டாண்டு தகரம் பறந்து நான் பார்த்திருக்கிறேன். கோவைக்கும் கோழிக்கோட்டுக்கும் இந்தியக் காற்றழுத்த விதிநூல் தரும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். இடையில் இருக்கும் நமக்கும் அதேதான். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 93 கிலோ அழுத்தும். 5 மீட்டர் உயரம், 40 செ.மீ. அகலம் உள்ள தட்டைப் பட்டை என்றால் 186 கிலோ. அது பாதி உயரத்தில் தள்ளுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 மி.மீ. தட்டைத் தகடு அடியிலேயே மடங்கிப் படுத்துவிடும். அதே உயரத்தில் 50 செ.மீ. அகலத் தகட்டை, 5 மி.மீ. கனத்திலேயே, நடுவில் செங்கோணமாக மடித்தால் முன்னதைவிட எடை குறைவு (126 கிலோவுக்குப் பதில் 98 கிலோ), வளைவைத் தாங்கும் பலமோ பதினைந்து மடங்குக்கு மேல். பிரஸ்ஸில் ஒரே மடிப்பு, வெல்டே இல்லை. நின்ற மடிப்பு என்பதால் தண்ணீர் நேராகக் கீழே வடிந்துவிடும். இது என் பட்டறைக் கணக்கு. தகடு முறுகுவது, காற்றில் அதிர்வது எல்லாம் பார்த்து ஸ்ட்ரக்சுரல் பொறியாளர் கையெழுத்துப் போட்டபிறகுதான் வெட்டத் தொடங்க வேண்டும்.

ஆக, பன்னிரண்டு மடிப்புத் தகடுகள். வரிசையாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் திரும்பி, மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் திரும்பியதுபோல. கரிம்பனை என்று சொல்ல முடியாது. கேட்டவர் மட்டும் கண்டுகொண்டு சிரித்தார். தகடுகளுக்கு இடையில் இரண்டு ஆள் தாராளமாகப் போகலாம். குழந்தை தலையை நுழைத்து மாட்டிக்கொள்கிற மாதிரியான சின்ன இடைவெளி எங்கும் இல்லை. ஆள் உயரத்துக்குக் கீழே எதுவும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை. கைத்தடி தட்டி நடக்கும் பார்வையற்றவருக்குத் தரையில் தடி படாமல் நெஞ்சு உயரத்தில் நீட்டி நிற்கிற எதுவும் அடிதான். விளிம்பெல்லாம் கிரைண்டரில் உருட்டிவிட வேண்டும்.

தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போல்ட்டில் நிற்கும். என்றைக்காவது ஒரு பஸ் இடிக்கும், இடிக்காமல் இருக்காது. அன்றைக்கு அந்த ஒன்றைக் கழற்றிக்கொண்டுபோய்ப் புதிதாக மடித்து முக்கிக் கொண்டுவரலாம். முழுவதும் ஒன்றாக வெல்டு செய்த சிற்பம் என்றால் கிரேன், சாலை மறிப்பு, மூன்று மாத வேலை. கமிட்டி இதற்கு மட்டும் உடனே தலையாட்டியது.

அஸ்திவாரத்தில் ஓர் ஊர் விசேஷம். கேரளம் என்றால் செம்மண், செம்பாறை என்றுதான் வெளியூர்ப் பொறியாளர்கள் வருகிறார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கில் கரிசல் மண். சித்திரையில் கைநுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். மேலோட்டமாக ஒரு கான்கிரீட் கட்டை போட்டு நிறுத்தினால் இரண்டு மழைக்காலத்தில் பன்னிரண்டும் பன்னிரண்டு திசைக்குச் சாயும். காற்றில் திரும்பிய மாதிரி வரைந்தோம் என்று அப்போது சமாளிக்க முடியாது. கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை தோண்ட வேண்டும். இல்லையென்றால் அண்டர்-ரீம்டு பைல், அதாவது அடியில் குமிழ் விட்டு மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண். ரூர்க்கியில் இருக்கும் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சி.பி.ஆர்.ஐ. இந்த மண்ணுக்கென்றே வளர்த்தெடுத்த முறை அது. அடித்தட்டைத் தரை மட்டத்தோடு புதைக்காமல் ஒரு சாண் உயர்த்தி, கான்கிரீட் தலையைச் சரிவாகப் பூச வேண்டும். நான் பார்த்த கம்பங்களில் பாதிக்கு மேல் துருப்பிடித்தது தரையும் இரும்பும் சேரும் அந்த ஓர் அங்குலத்தில்தான். மழைக்கு முந்தைய இடி இங்கே பொல்லாதது. பன்னிரண்டையும் பட்டையால் இணைத்து எர்த் கொடுத்தாக வேண்டும், பணம் குறைகிறதென்று இதில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இப்போது நிறம். வெறும் சாம்பல் போதும் என்பது என் கட்சி. "பஞ்சாயத்துப் பைப்பு மாதிரி இருக்குமே" என்பது எதிர்க்கட்சி. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த நிறத்தைச் சொன்னாலும் ஒரு கொடி நினைவுக்கு வருகிறது. அரை மணி நேரம் வண்ணப் புத்தகத்தைப் புரட்டியும் கொடியில்லாத நிறம் நாலைந்துதான் தேறியது. கால்வனைசிங் மேல் பெயிண்ட் என்பதும் விளையாட்டில்லை. சாதா எனாமலைத் துத்தநாகத்தின் மேல் அடித்தால் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஆகிப் பாம்புச் சட்டையாக உரியும். ஒரு கேட்டில் அனுபவப்பட்டிருக்கிறேன். மேற்பரப்பை லேசாக மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, அதற்கான பிரைமர், பிறகு எபாக்ஸி, மேலே பாலியூரித்தேன் என்று வரிசையாகப் போக வேண்டும். சிகாகோவில் 1974-இல் வந்த அலெக்சாண்டர் கால்டரின் சிவப்பு எஃகுச் சிற்பம் 'ஃபிளமிங்கோ'வுக்கே மறுபூச்சு தேவைப்பட்டது, நாம் எம்மாத்திரம்.

நடுவழி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு முகம். ஒரு முகத்தைச் சாம்பலாகவே விட்டு, பாலக்காட்டுப் பக்கம் பார்க்கும் முகத்தில் மட்டும் நிறம். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற பஸ்ஸில் இருப்பவருக்குச் சாம்பல் வரிசை தெரியும். பஸ் திரும்பத் திரும்ப ஒவ்வொன்றாக நிறம் எட்டிப்பார்க்கும். திரும்பிப் போகிறவருக்கு நிறம் முதலில், சாம்பல் பிறகு. பூச்சுச் செலவும் பாதி. அட்டையில் ஒரு சாண் மாதிரி செய்து மேசை விளிம்பில் வைத்து, கமிட்டித் தலைவரை நடந்து பார்க்கச் சொன்னேன். மூன்று தடவை நடந்தார்.

மயில்கழுத்து நீலமா, பனம்பழத்தின் கருஞ்சிவப்பா என்பதில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டிலும் ஒவ்வொரு மாதிரித் தகடு மடித்து, முக்கி, பூசி, பட்டறைக் கூரையில் மேற்குப் பார்த்து நிறுத்தியிருக்கிறேன். எதிரே இருக்கும் வேப்பமரத்தில் காக்கைக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழை முடிந்ததும் இறக்கி, நனைந்த துணியால் ஒரே ஒரு தடவை துடைத்துப் பார்க்க வேண்டும்.